பெயரைக் கொடுத்துவிட்டு வந்தவர்

அவரைக் கூப்பிட முடியாது. கிட்டப் போய், அவர் கண்ணில் படும்படி நின்று, அதன்பிறகுதான் பேச வேண்டும். பின்னால் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்ப மாட்டார். 'ஓய்' என்றாலும் சரி, 'அண்ணே' என்றாலும் சரி, 'மச்சான்' என்றாலும் சரி, அந்த முதுகு அப்படியே நிற்கும். ரொம்ப அவசரம் என்றால் தோளைத் தொடலாம். தொட்டால் வெடுக்கென்று திரும்புவார். திரும்பும் அந்த ஒரு கணம் முகத்தில் பயம் தெரியும். தொட்டவர் யாரென்று பார்த்ததும் அது அடங்கி, "சொல்லுங்க" என்பார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எனக்குத் தெரியும், மறக்கவும் இல்லை. ஆனால் அதை இங்கே எழுதப் போவதில்லை. தெலுக் ஆன்சனில் மகள் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிற கிழவனுக்கு இனி என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். பயம்தான். இந்த வீட்டுக்குப் பின்னாலும் மரங்கள் இருக்கின்றன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, அதாவது உதவிக் கணக்கனாகச் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பல் ஏறி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இருபத்திரண்டு வயது. இங்கிலீசு படித்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், மடிப்புக் கலையாத கால்சட்டை போடுவேன். தோட்டத்து ஆட்கள் எல்லோரையும், என்னைவிட இருபது வயது மூத்தவர்களையும்கூட, 'நீ' என்றுதான் பேசுவேன். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லவில்லை. அப்போது பெருமையாக இருந்தது, அவ்வளவுதான்.

விடியும் நேரத்தில் ஆபீசுக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்க, கிராணி புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். அந்தப் புத்தகம் என் கைக்கு வந்த முதல் நாள் புரட்டிப் பார்த்தேன். இருபத்தேழாவது வரியில் பெயரின் மேல் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. காகிதத்தின் மேல் சிவப்பு மையில் இருபத்தேழு என்று மட்டும். எனக்கு முன்பு இருந்த கிராணியின் சோம்பல் என்று நினைத்தேன். புத்தகம் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு, நகத்தால் மெதுவாகச் சுரண்டி, அந்தக் காகிதத்தை உரித்து எடுத்தேன். அடியில் பெயர் தெளிவாக இருந்தது. சாதாரணப் பெயர்தான். ஊருக்கு நாலு பேருக்கு இருக்கும்.

மறுநாள் பெரட்டில் பனிமூட்டம். லாந்தர் வெளிச்சத்தில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்தேன். கூப்பிடக் கூப்பிட 'ஐயா', 'ஐயா' என்று பதில் வந்தது. இருபத்தேழாவது பெயரைக் கூப்பிட்டேன். யாரும் பேசவில்லை. வரிசையில் அதுவரை இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண் பக்கத்தில் நின்ற பிள்ளையின் வாயைப் பொத்தினாள். நான் இன்னும் கொஞ்சம் உரக்க, அதிகாரமாக, மறுபடி கூப்பிட்டேன்.

"வாரேன்" என்று பதில் வந்தது.

வரிசையிலிருந்து வரவில்லை. வரிசைக்குப் பின்னால், பால்மரங்களுக்கு அந்தப் பக்கம், காடு தொடங்கும் எல்லையிலிருந்து வந்தது. ஆண் குரல். அவசரமில்லாமல், சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் எழுந்து வருகிற தோரணையில் சொன்ன குரல். நான் ஏதோ ஆள் தாமதமாக ஓடி வருகிறான் என்று நினைத்து அந்தப் பக்கம் பார்த்துத் திட்டத் தயாரானேன். யாரும் வரவில்லை. அப்போதுதான் முன்வரிசையில் நின்ற ஒருவரைக் கவனித்தேன். உயரமானவர், நாற்பது வயது இருக்கும், இடது காதில் கடுக்கன் இருந்த ஓட்டை மட்டும் தொங்கியது. வாயை இறுக மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமான பார்வை இல்லை. கெஞ்சுகிற பார்வை. பெரிய கங்காணி வந்து என் புத்தகத்தின் மேல் கையை வைத்து மூடினார். ஒரு கங்காணி கிராணியின் புத்தகத்தைத் தொடுவது பெரிய அவமரியாதை. ஆனால் நான் கேட்குமுன், மீதிப் பெயர்களை அவரே மனப்பாடமாகக் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பிவிட்டார்.

அன்று மத்தியானம் கங்காணி என் அறைக்கு வந்து முழுக் கதையையும் சொன்னார். நான் வருவதற்கு மூன்று வருஷம் முன்பு நடந்தது. அந்த உயரமானவருடைய மனைவி அஞ்சலை, எல்லைப் பக்கம் கீரை பறிக்கப் போனவள் திரும்பி வரவில்லை. கூடப் போன பெண்கள், அவளை யாரோ இடுப்பில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்ததாகவும், தூக்கியது யாரென்று மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். காட்டுக்குள் இருக்கிறதை ஆட்கள் பேய் என்றோ பிசாசு என்றோ சொல்ல மாட்டார்கள். 'அங்கிட்டுக்காரரு' என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். அவர் கொண்டுபோன ஆட்களை அதுவரை யாரும் தேடிப் போனதில்லை. இவர் போனார். காட்டு விவகாரம் தெரிந்த மலாய்க்கார பாவாங் ஒருவரிடம் வழி கேட்டுக்கொண்டு, உப்பு மூட்டையும் கத்தியுமாக உள்ளே போனவர், ஒன்பதாம் நாள் மனைவியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

மூன்று ஆறு கடந்தாராம். முதல் ஆற்றில் கத்தியைக் கேட்டார்களாம், கொடுத்தார். இரண்டாவதில் கடுக்கனைக் கழற்றிக் கொடுத்தார். மூன்றாவது ஆற்றங்கரையில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூட்டிப்போக வேண்டுமானால் உன் பெயரைக் கொடு என்றாராம் அங்கிட்டுக்காரர். இவர் யோசிக்கவே இல்லை. பெயர்தானே, கொண்டுபோ என்று கொடுத்துவிட்டு, மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் சிரித்தேன். "பேர் எண்டு ஒண்டு வைக்கிறதே கூப்பிடத்தானே, கங்காணி? அதை எப்பிடிக் குடுக்கிறது, வாங்கிறது?" என்றேன். என் யாழ்ப்பாணத்துப் பேச்சுக்கு வழக்கமாக வாய்க்குள் சிரிக்கிற கங்காணி அன்று சிரிக்கவில்லை.

"சொன்னாக் கேளுங்கலா, கிராணியாரே. அந்தப் பேரைச் சொல்லித்தான் அவனுக்கும் அஞ்சலைக்கும் பாக்கு வெத்தலை மாத்தினோம். அந்தப் பேருக்குத்தான் அவ பொண்டாட்டி. இப்ப பேரு அங்கிட்டு இருக்கு, அவ இங்கிட்டு இருக்கா. என்னிக்காவது அவ வாயால அந்தப் பேரைச் சொல்லிட்டா முடிஞ்சுது. பேரை வச்சிருக்கிறவரு வந்து, கூப்பிட்டியேம்மான்னு கேப்பாரு."

பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. அது ஒன்றுதான் இப்போது அவளுக்குக் காவல் என்றார் கங்காணி. நான் நம்பவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து 'இருபத்தேழு' என்றே கூப்பிட்டேன். நம்பாதவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்காதீர்கள்.

அவருக்குக் காது கேட்கவில்லை, அதை மறைக்கத்தான் இந்தக் கதை என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ஒருநாள் அவர் முதுகுக்குப் பின்னால் தகர மூடி ஒன்றை வேண்டுமென்றே கீழே போட்டேன். உடனே திரும்பிப் பார்த்து, குனிந்து எடுத்து, துடைத்து என் கையில் கொடுத்தார். "சத்தம் கேக்குதுங்கய்யா. கூப்பிடறதுதான் கேக்காது" என்றார். என் மனசில் இருந்ததைப் படித்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு அவரே விளக்கினார். கூப்பிடுவது யார் என்று திரும்பிப் பார்த்த பிறகுதானே தெரியும்? தன் பெயருக்குத் தான் திரும்பிவிட்டால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி ஆகிவிடுமாம். பேச்சு முறிந்துவிடுமாம். அதனால் எந்தக் கூப்பாட்டுக்கும் திரும்புவதில்லை என்று வைத்துக்கொண்டார்.

காட்டிலிருந்து வந்த புதிதில் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்களாம். மாரியம்மன் திருவிழாவில் முதல் மாலை அவருக்குத்தான். பாகான் செராயிலிருந்தும் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்தும்கூட ஆட்கள் ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். ஆட்களின் வரிசைக் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு அவராக ஆடினார்கள். பாட்டுக் கட்டுகிறவர் ஒருவர் அவர்மேல் பாட்டுக் கட்டத் தொடங்கி, பெயர் வரவேண்டிய அடியில் நின்றுபோய், விட்டுவிட்டார். அங்கேதான் எல்லாம் நின்றது. பெயர் சொல்லிப் புகழ முடியாத வீரனை எத்தனை நாள் புகழ்வது? முதலில் பாட்டு நின்றது, பிறகு விருந்துக்கு அழைப்பது நின்றது. யாரும் அவரை வெறுக்கவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் தவறிப் பெயர் வந்துவிடுமோ என்று எல்லோருக்கும் ஒரு பயம். மெல்ல மெல்ல அவர் உட்கார்ந்த பெஞ்சு காலியாக இருக்கத் தொடங்கியது.

கோயிலில் அர்ச்சனைக்குத் தட்டை நீட்டுவார். பூசாரி பழக்க தோஷத்தில், "பேரு, நட்சத்திரம்?" என்று கேட்பார். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பார். நம்மில் பலர் அடக்கத்துக்காக அப்படிச் சொல்வதுண்டு. அவர் சொல்லும்போது அதில் அடக்கம் இல்லை. வேறு வழியில்லாததால் சொன்னார். ஒருமுறை பூசாரி தெரியாமல் சங்கல்பத்தில் பழைய பெயரையே சொல்லிவிட, தட்டை அங்கேயே வைத்துவிட்டு வெளியே நடந்தாராம். பிரசாதத்தைத் தொடவில்லை. அது தனக்குச் செய்த பூசை இல்லையாம்.

அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுத்து மெலிந்த, வாயாடாத பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். மரத்தைக் கீறிப் பால் இறக்கும் மால்வெட்டுக்கு அவளுக்கு எப்போதும் அவர் மரநிரைக்கு அடுத்த நிரையைத்தான் கொடுக்க வேண்டும். இது கங்காணிக்கு அவர் வைத்த ஒரே வேண்டுகோள். பத்து மரம் வெட்டிவிட்டு, கத்தியைக் கையில் பிடித்தபடியே வந்து, அவள் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். தண்ணீர்க் குழாய்க்கு அவள் போனால் பின்னாலேயே போவார். கடைக்குப் போனாலும் அப்படித்தான். தூங்கும்போது அவள் முந்தானை நுனியைத் தன் கையில் முடிந்துகொள்வார் என்று அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். அடித்ததில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அவளை ஒருதரம் இழந்தவர், அவ்வளவுதான். தோட்டத்துப் பெண்கள், இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவளிடம் சொல்வார்கள். அவள் ஆமாம் என்பாள்.

ஒருநாள் சரிவில் பட்ட மரம் ஒன்றை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் நின்றிருந்தேன். மரம் எதிர்பார்த்த பக்கம் விழாமல் திரும்பிவிட்டது. கீழே அவர், முதுகைக் காட்டியபடி, குனிந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் கத்தினோம். ஓடு என்றோம், விலகு என்றோம். மரம் முறிகிற சத்தத்திற்கும் எங்கள் கூச்சலுக்கும் நடுவில் அவர் பாட்டுக்குக் கயிறு சுற்றினார். அஞ்சலைதான் ஓடினாள். அவள் வாய் திறந்து மூடியதை நான் பார்த்தேன். சத்தம் வரவில்லை. போன வேகத்தில் அவர்மேல் விழுந்து தள்ளிவிட்டாள். கிளை அவள் மணிக்கட்டில் இறங்கியது.

அவர் எழுந்து, எலும்பு பிசகிய அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது இதுதான்: "கூப்பிட்டியா?"

"இல்லை" என்றாள்.

"நல்ல வேளை" என்றார்.

வலி தாங்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள், அந்த வார்த்தையைக் கேட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதன்பிறகு ஒரு வாரம் அவள் அவரோடு பேசவில்லை என்று லயத்தில் சொன்னார்கள். எனக்கு அப்போது காரணம் விளங்கவில்லை. கல்யாணம் ஆகாதவன்.

அவருடைய அண்ணன் புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். அவரிடமிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். நான் வந்த வருஷம் வந்த கடிதத்தை இவரிடம் நீட்டினேன். உறையின் மேலிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இது அவருக்கு வந்ததுங்க" என்றார். அண்ணன் கடிதம் அல்லவா, பிரித்தாவது பார் என்றேன். மாட்டேன் என்றார். ஓரமாக நுனியைப் பிடித்து எடுத்துக்கொண்டு போய், எல்லைக் கல்லின் மேல் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லைப் பாரமாக வைத்துவிட்டு வந்தார். நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். பாரக்கல் இருந்தது, கடிதம் இல்லை. குரங்கு கொண்டுபோயிருக்கும் என்று திரும்பிவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து அண்ணனிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இந்தமுறை நான் அவரிடம் கொண்டுபோகவில்லை. நானே பிரித்தேன். பிறர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு என்று தெரியும், ஆனாலும் பிரித்தேன். அதில் இப்படி இருந்தது:

'தம்பிக்கு, நீ எழுதிய கடிதம் கிடைத்து மிகவும் சந்தோஷம். வீட்டு வேலை முடிந்துவிட்டது, அஞ்சலையைக் கூட்டிக்கொள்வதுதான் பாக்கி என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் ஒன்றாக இருந்துவிட்டு இப்போது கூட்டிக்கொள்வது என்றால் என்ன என்று எங்களுக்கு விளங்கவில்லை. உன் கையெழுத்தும் மாறிப் போயிருக்கிறது.'

அந்தத் தோட்டத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் மூன்று பேர். பெரிய கிராணி, கோயில் பூசாரி, நான். ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வேலை. அப்படி ஒரு கடிதம் நான் எழுதவில்லை. மற்ற இருவரையும் கேட்டேன். அவர்களும் எழுதவில்லை. ஆபீசில் பட்டப்பகலில் உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்துக் கொட்டியது. இனி அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

ஆனால் கடிதத்தை என்ன செய்வது? அவரிடம் படித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மறைத்து வைக்கவும் மனம் வரவில்லை. கையில் கட்டோடு மருந்துக்கு வந்த அஞ்சலையை நிறுத்தி, அவளிடம் படித்தேன். காகிதத்தை உரித்தது முதல் பிழை என்றால் இது இரண்டாவது. அவள் பயந்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "வீடு எத்தனை கட்டுன்னு எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

அவர்கள் இருந்தது லயத்தில் பத்தடிக்குப் பத்தடி அறை. நான் அவளையே பார்த்தேன். அங்கே உன்னைக் கஷ்டப்படுத்தவில்லையோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அங்க ஒருத்தரும் என்னை ஏ புள்ளன்னு கூப்பிடலீங்கய்யா. அஞ்சலைன்னு பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க" என்றாள். பிறகு தனக்குத் தானே சொல்வது போல, "வாரியான்னு இவரும் கேக்கல. தூக்கிட்டு வந்துட்டாரு" என்றாள்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கங்காணியிடம் சொல்லியிருக்கலாம். அவள் புருஷனிடமே சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் பத்து மரத்துக்கு ஒருமுறை வந்து அவளை எட்டிப் பார்ப்பதைக் காணும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் தோட்டத்தில் புதிய லயம் கட்டினார்கள். புருஷன் பெண்டாட்டியாக இருப்பவர்களுக்குத்தான் அறை என்றார் துரை. கங்காணிமார் ஆளுக்கு ஆள் தப்பாக ஜோடி சேர்த்து எழுதிவிடுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் ஒவ்வொரு பெண்ணையும் தனியாகக் கூப்பிட்டு, அவள் வாயாலேயே புருஷன் பெயரைக் கேட்டு எழுத வேண்டும் என்று உத்தரவு. வெள்ளைக்காரருக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று எப்படித் தெரியும்?

ஒரு பெண்ணும் நேரே சொல்லவில்லை. ஒருத்தி ஆறு விரலைக் காட்டிவிட்டுத் தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். ஆறுமுகம் என்று எழுதினேன். இன்னொருத்தி ஏழு விரலைக் காட்டி, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த சுண்ணாம்புக் குன்றைக் காட்டினாள். ஏழுமலை. ஒரு கிழவி, ஆண்டிக் கோலத்தில் மலைமேல் நிற்கிறவர் என்றாள், பழநி என்று நான் எழுதுமுன் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வராந்தாவில் காத்திருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று காலை அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அஞ்சலை கடைசியாக வந்தாள். கையில் கட்டு இல்லை. தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டியிருந்தாள். வேலை நாளில் ஏன் இப்படி வந்திருக்கிறாள் என்று தோன்றியது. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"நீ சொல்ல வேண்டாம் பிள்ளை. எனக்குத் தெரியும், நான் எழுதிக்கொள்ளுறன். நீ போ" என்றேன்.

"எல்லாரும் சொன்னாங்களேய்யா. எம் புருசன் பேரை நான் சொல்லக் கூடாதுங்களா?"

அப்போது நான் புத்தகத்தை மூடியிருக்கலாம். எழுந்து வெளியே போயிருக்கலாம். பெரட்டில் ஒருத்தி பிள்ளைக்குச் செய்தது போல அவள் வாய்க்கு முன்னால் கையையாவது நீட்டியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னால் என்ன நடக்கும் என்று பார்க்க எனக்குள் ஒரு ஆசை இருந்தது. அந்த ஆசைதான் என்னை உட்கார வைத்தது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, விரலைக் காட்டாமல், ஜாடை பேசாமல், அந்தப் பெயரைச் சொன்னாள். உரக்கக்கூடச் சொல்லவில்லை. வராந்தாவில் சிரிப்பு நின்றது.

"இந்தா வந்துட்டேன்" என்று பதில் வந்தது. பெரட்டில் நான் கேட்ட அதே குரல். இந்தமுறை எல்லையிலிருந்து வரவில்லை. ஆபீஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில், செம்பருத்தி வேலிக்கு அந்தப் புறமிருந்து வந்தது.

அஞ்சலை என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "போறேங்கய்யா" என்றாள். நம் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'போயிட்டு வாரேன்' என்பார்கள். அவள் போறேன் என்று மட்டும் சொன்னாள். படியிறங்கி வேலியைச் சுற்றிக்கொண்டு போனாள். பால்மரங்களுக்கு நடுவே அவளுடைய வெளுத்த சேலை கொஞ்ச தூரம் தெரிந்தது. அவளோடு யாரும் நடக்கவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு போகிறவள் மாதிரி, தலையை ஒரு பக்கம் திருப்பித் திருப்பி நடந்தாள். வராந்தாவில் இருந்த பெண்களில் ஒருத்திதான் முதலில் ஓலமிட்டாள்.

அவர் பால் வாளிகளைத் தோளில் வைத்த காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு வர மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் கங்காணி ஆட்களைத் திரட்டிவிட்டார். கத்தி, உப்பு, பறை எல்லாம் தயார். முன்பு ஒருவரும் துணைக்குப் போகாத தோட்டத்தில் இப்போது முப்பது பேர் காட்டுக்குள் போக நின்றார்கள். யாரோ ஓடிப் போய் அவர் தோளைத் தொட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவர் வாளிகளை இறக்கினார். பால் சிந்தாமல் இறக்கினார் என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கங்காணி கத்தியை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"வேணாங்க. அன்னிக்கு அவளைத் தூக்கிட்டுப் போனாங்க, போனேன். இன்னிக்கு அவளா நடந்து போயிருக்கா" என்றார்.

ஆட்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அவர் நேரே ஆபீசுக்குள் வந்தார். என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று எழுந்து நின்றேன். என் மேசைக்கு முன்னால், அவள் நின்ற அதே இடத்தில் வந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இங்கதான் நின்னாளுங்களா?"

ஓம் என்றேன்.

"வாய் விட்டுச் சொன்னாளுங்களா, பேரை?"

"சொன்னவள்."

"எப்படிச் சொன்னா?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல், துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே பேசினார். "பதினொரு வருசம் ஆச்சுங்க கட்டி. எம் பேரு அவ வாயில எப்படி இருக்கும்னு ஒருநாளும் கேட்டதில்லை. கேக்கற முறையும் இல்லைங்களே. கோவமாச் சொன்னாளா, சும்மாச் சொன்னாளா? நீங்க பக்கத்துல இருந்தீங்க."

நாற்பது வயது ஆண்பிள்ளை, காட்டுக்குள் ஒன்பது நாள் தனியே போய் வந்தவர், பதிலுக்காக என் முன்னால் கைகட்டி நின்றார். பொய் சொல்லியிருக்கலாம். கோபமாகச் சொன்னாள், அரை மனதாகச் சொன்னாள் என்று ஏதாவது. என் நாக்கில் பொய் வரவில்லை.

"ஆசையாத்தான் சொன்னவள்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். நான் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை. அன்று சிரித்தார், கல்யாண மாப்பிள்ளை போல, பல் தெரியாமல், கூச்சத்தோடு. ஜன்னல் பக்கம் திரும்பி மரங்களைப் பார்த்தார்.

"எம் பேருதானுங்கய்யா அது" என்றார்.